கரைமேட்டின் ஊற்று

அளவுப் பட்டையை முதலில் தன் தலையில்தான் கட்ட வேண்டும் என்று மாசிலாமணி சொன்னபோது, விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் கருவியோடு வந்திருந்த ஆராய்ச்சியாளர் டாக்டர் ஹெப்சிபா நினைத்தாள். மறுநாள் காலை ஊர்மண்டபத்து வாசலில் தவிலும் நாகஸ்வரமும் வந்து நின்ற பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

“ஐயா, இது கோயில் பரிவட்டம் இல்லை. கருவி. இருநூறு பேர் தலையில கட்டிப் பார்க்கணும். யாருடையது நல்லா வருதோ அதை எடுத்துக்குவோம்.”

“இந்த ஊர்ல தலையில கட்டுறது எதுவானாலும் பெரிய வீட்டுக்குத்தான் முதல்ல,” என்றார் மாசிலாமணி. “அதே பட்டையை இன்னொருத்தன் தலையிலயும் கட்டினா, முதல்ல கட்டினதுக்கு என்ன மரியாதை?”

“அப்ப இருநூறு பேர்?”

“ஒருத்தர் போதும். நான்.”

ஊர்க்குழுவில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடல் பழைய கரைமேட்டை விழுங்கியபோது நானூறு குடும்பங்களை உள்நாட்டுக்கு அழைத்து வந்து இந்த மேட்டில் குடியமர்த்தியவர் மாசிலாமணியின் தாத்தா. அம்மனைத் தலையில் சுமந்து வந்தவரும் அவரே. அன்றிலிருந்து ஆவணிக் கொடைத் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவருடைய மூத்த மகன் வழிக்கு. மாசிலாமணி அந்த வழி. இளைய மகன் வழியில் வந்தவர் பூவலிங்கம், மாசிலாமணிக்குச் சித்தப்பா மகன். பரிவட்டம் கட்டும்போது அந்த வழியினர் மூன்றடி பின்னால் நிற்க வேண்டும். பூவலிங்கம் ஒரு வருஷம்கூடத் தவறாமல் வந்து, சரியாக மூன்றடி பின்னால் நின்றார்.

தண்ணீர் வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் வால்வு திறந்துவிட்டவர் பூவலிங்கம். ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலையில் தெருத்தெருவாக நடப்பதை விடவில்லை. மாசிலாமணி ஒரு தெருவுக்குள் வந்தால் அங்கே பேச்சு நிற்கும். பூவலிங்கம் வந்தால் பேச்சு தொடங்கும். நாற்பது வருஷமாக மாசிலாமணியின் நெஞ்சில் இது முள்ளாகக் கிடந்தது. பெரிய வீட்டுக்காரர் இதைப் போய் யாரிடம் சொல்வது? மனைவி கோமதிக்கு மட்டும் தெரியும். “இந்தப் பங்காளிக் காய்ச்சலுக்கு எந்த டாக்டர்கிட்டயும் மருந்து இல்லை,” என்று அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

ஊருக்கு ஆபத்து வந்ததால்தான் கருவி வந்தது. பிள்ளைகள் குறைந்துபோன அந்தக் காலத்தில், மூவாயிரம் பேர் இல்லாத ஊரை அரசு தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். பிறகு பேருந்து கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, மருத்துவமனை கிடையாது. கரைமேட்டில் இருந்தவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். இரண்டு வருஷத்துக்குள் ஆயிரத்து நூறு பேரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

“இந்த வித்தை எங்கேருந்து வந்ததும்மா?” என்று பட்டையைக் கட்டும்போது குழுவில் ஒருவர் கேட்டார்.

“ஊரை விக்கிற ஆராய்ச்சிக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசாகுது,” என்றாள் ஹெப்சிபா. “முதல்ல ஆரம்பிச்சவங்க, சோப்புக்குச் செய்யற விளம்பரத்தை அப்படியே ஊருக்குச் செஞ்சாங்க. ஒரு சின்னம், ஒரு வாசகம், ஒரு நல்ல புகைப்படம்.”

“நம்ம ஊரு குளிக்கிற சோப்பா, துவைக்கிற சோப்பாம்மா?” என்று பின்னாலிருந்து பூவலிங்கம் கேட்டார். மண்டபம் முழுவதும் சிரித்தது. தவில்காரர்கூடச் சிரித்தார். மாசிலாமணி மட்டும் பட்டை அசையாமல் இருந்தார்.

“அப்புறம் வந்தவங்க, ஊரு சோப்பு இல்லை, அதுக்கு ஒரு பேரு, மதிப்பு இருக்குன்னாங்க. எந்த ஊருக்கு எவ்வளவு மதிப்புன்னு வரிசை போட்டாங்க. அந்த வரிசையைப் பார்த்து ஊருக்கு ஊரு பொறாமைப்பட்டதுதான் மிச்சம். அதுக்கடுத்த தலைமுறை, ஊர்ல வாழற ஜனங்கதான் ஊரோட முகம், அவங்களைக் கேட்காம எதுவும் செய்யக்கூடாதுன்னு சொல்லிக் கேள்வித்தாள் கொடுத்தாங்க. ஜனங்க எழுதினாங்க. எங்க ஊர் அமைதியானது, அன்பானது. எல்லா ஊர்லயும் அதே பதில்! முந்தினவங்க ஊரைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு காட்டறதுதான் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேலையாப் போச்சு.”

“உங்க தலைமுறை?”

“நாங்க வாயைக் கேட்கிறதை விட்டுட்டு மண்டையைக் கேட்டோம். ஒருத்தருக்குத் தன் ஊர் மேல இருக்கிற உணர்வை இந்தப் பட்டை பதிஞ்சுக்கும். வெளியூர்க்காரர் சம்மதிச்சா அவர் தலையில கட்டி அதை ஏத்தலாம். பத்து நிமிஷம் போதும், அவருக்கு இது பிறந்த ஊர் மாதிரி ஆயிரும். ஐந்நூறு பேரோடதைச் சராசரி எடுத்து ஏத்தினா வடிச்ச கஞ்சி மாதிரி இருக்கு, ஒட்டலை. ஒரே ஒருத்தரோடதுதான் ஒட்டுது. அந்த ஒருத்தரை ஊற்றுன்னு சொல்றோம். யாரை ஊற்றா எடுக்கிறோம்கிறதுலதான் எல்லாமே இருக்கு ஐயா. அதனாலதான் இருநூறு பேர் கேட்கிறேன்.”

“கட்டியாச்சில்ல, பதிஞ்சுக்கோ,” என்றார் மாசிலாமணி. மேளம் ஒலித்தது.

*

பட்டை பிரமாதமாக வேலை செய்தது.

பேருந்து நிலையத்துக்கு எதிரில் வரவேற்பு அறை கட்டினார்கள். வாசலில் பித்தளைப் பலகை: ‘கரைமேட்டின் ஊற்று, பெரிய வீடு மாசிலாமணி.’ சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஊரைக் கண் சிமிட்டாமல் பார்த்தார்கள். பாதிப் பேர் அந்த வாரமே வீடு தேடினார்கள். மற்ற ஊர்களில் நூறு பேருக்குப் பட்டை கட்டினால் பத்துப் பேர் தங்குவது பெரிய காரியம் என்று ஹெப்சிபா சொன்னாள். நான்கே மாதத்தில் எழுநூறு பேர் குடியேறினார்கள். மாசிலாமணி தினமும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு அந்தப் பலகையைக் கடந்து நடந்துபோனார்.

வந்தவர்கள் தங்கள் வீட்டைச் சுற்றி முதலில் மதில் எழுப்பினார்கள். முந்தின மாதம் வந்தவன் இந்த மாதம் வந்தவனை ‘வெளியூர்க்காரன்’ என்றான். டீக்கடை பெஞ்சில் யார் எங்கே உட்காருவது என்று சண்டை. இதெல்லாம் ஊர்ப்பற்றின் வேகம், போகப்போகத் தணியும் என்று மாசிலாமணி குழுவில் விளக்கம் சொன்னார்.

பிறகு புகார்கள் வர ஆரம்பித்தன. குடியேறியவர்களிடமிருந்து, எல்லாம் ஒரே ஆளைப் பற்றி. பூவலிங்கம் என்கிற கிழவர் காலையில் தெருவில் நடக்கிறார். வால்வு மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு அங்கே என்ன வேலை? எல்லாரிடமும் நின்று பேசுகிறார். இவர் என்ன ஊருக்கே சொந்தக்காரரா?

பதினாறு மனுக்கள். மாசிலாமணி ஒவ்வொன்றையும் இரண்டு தரம் படித்தார். உள்ளே என்னவோ இனித்தது. நாற்பது வருஷமாகத் தன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த ஒன்று கடைசியில் மற்றவர்கள் கண்ணுக்கும் தெரிகிறதே! மனுக்களை அவர் குழுவில் வைக்கவில்லை, கிழித்துப் போடவும் இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆறாவது மாதம், குடியேறியவர்கள் திரண்டு வந்து வரவேற்பு அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். இனி ஒருத்தரும் கரைமேட்டுக்கு வர வேண்டாம், இருக்கிறவர்கள் போதும் என்றார்கள். ஆள்கணக்கு இரண்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டில் நின்றுபோனது.

பூட்டுப் போட்ட மறுநாள் காலை, ஓசூரிலிருந்து வந்து குடியேறிய முனிரத்தினம் என்பவன், குனிந்து வால்வு மூடியைப் பார்த்துக்கொண்டிருந்த பூவலிங்கத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். இடுப்பெலும்பு முறிந்தது.

செய்தி வந்தபோது மாசிலாமணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவாமல் எழுந்தார்.

“எங்கே போறீங்க?” என்றாள் கோமதி.

“பெரிய வீட்டு ரத்தத்து மேல வெளியூர்க்காரன் கை வச்சிருக்கான். கேட்க நான் இல்லையா?”

“இது வரைக்கும் அவர் பெரிய வீட்டு ரத்தம்னு ஒருநாளும் சொன்னதில்லையே,” என்றாள் அவள்.

முனிரத்தினம் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். ஓடவில்லை. ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அவரைக் கண்டதும் எழுந்து கைகூப்பினான்.

“என் தம்பியைத் தள்ளினது நீதானா?”

“நான்தான் ஐயா. என்னைப் போலீஸ்ல கொடுங்க.” கூப்பிய கையை அவன் இறக்கவில்லை. “இருபத்தெட்டு வருஷம் வாத்தியாரா இருந்திருக்கேன், ஒரு பையனைக்கூட அடிச்சதில்லை. ஆனா அவர் முதுகைப் பார்த்தாலே வயிறு எரியுது. அவர் போனா எல்லாரும் வாசலுக்கு வந்து பேசறாங்க. அவர் ஏதோ சொல்றாரு, சிரிக்கிறாங்க. எனக்குத்தானே ஐயா இந்த ஊரு? அவர் யாரு அதை இப்படி அனுபவிக்கிறதுக்கு? நான் வந்து நாலு மாசம்கூட ஆகலை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலை. எனக்கு ஏன் ஐயா இப்படி?”

அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மாசிலாமணிக்குத் தெரிந்த சொல். அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத சொல்.

*

ஹெப்சிபா மறுநாளே வந்துவிட்டாள். பூட்டை உடைக்கச் சொல்லி, கருவிக்கு முன்னால் மாசிலாமணியை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

“உங்க பதிவைப் பிரிச்சுப் பார்த்தேன் ஐயா. எழுநூறு பேருக்கு இவ்வளவு அழுத்தமா ஏறின உணர்வு வேற எந்த ஊர்லயும் கிடையாது. ஆனா அதுல ஊரே இல்லை.”

“என்ன உளறல்?”

“தெரு இல்லை, கோயில் இல்லை, மனுஷங்க இல்லை. ஊரை நினைக்கச் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒருத்தரோட முதுகு வருது. ஊர் அவர் பக்கம் போயிருமோங்கிற பதைப்பு வருது. அதைத்தான் நான் எழுநூறு பேருக்கு ஏத்திட்டேன். அவங்க யாரும் வெளியே போக மாட்டாங்க, வேற யாரையும் உள்ளே விடவும் மாட்டாங்க. யாரோட முதுகுன்னு நான் சொல்லணுமா?”

அவர் கருவியிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

“தப்பு என் மேலயும் இருக்கு. மேளத்துக்குப் பயந்து இருநூறு பேரை விட்டுட்டேன். ஆனா இன்னொரு பதிவு கையில இருக்கு. அது போதும், ஊரைக் காப்பாத்திரலாம்.”

“யாருடையது?”

“உங்களுக்குக் கட்டறதுக்கு முந்தின நாள் கருவி வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு தலை வேணும்னு இருந்துச்சு. மண்டபத்துக் குழாய் ஒழுகுதுன்னு அவர் பார்க்க வந்தாரு. உட்காருங்கன்னேன், உட்கார்ந்தாரு.”

முந்தின நாள். அப்படியானால் முதலில் கட்டியது பூவலிங்கம் தலையில். மாசிலாமணிக்குக் காது அடைத்தது. மேளமும் மாலையும் வைத்துத் தான் கட்டிக்கொண்டது இரண்டாவது!

“அதை என் தலையில கட்டு,” என்றார்.

“ஐயா, உங்களுக்கு அது நிக்காது. தானா முளைச்சதை எங்களால அசைக்க முடியாது. வெளியிலேருந்து ஏத்தினது மேலதான் இன்னொண்ணை ஏத்தலாம்.”

“நிக்க வேண்டாம். அவன்கிட்ட அப்படி என்ன இருக்குன்னு நான் பார்க்கணும். கட்டு.”

அவள் கட்டினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அவர் நெஞ்சுக்குள் ஏதோ இறுக்கம் விட்டது. பிடித்துக்கொண்டே இருந்த கையை யாரோ மெல்லப் பிரித்துவிட்ட மாதிரி. வால்வைத் திருப்பியதும் தெருவின் கடைசி வீடு வரை குழாய்கள் ஒவ்வொன்றாக இருமிக்கொண்டு எழுகிற சத்தம். எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று வாளிச் சத்தத்திலேயே தெரிந்தது. எல்லாத் தெருவும் தன் தெரு. ஆனால் ஒன்றையும் பிடித்து வைக்க வேண்டியதில்லை. இவர்கள் இருக்கிறார்கள், தண்ணீர் போகிறது, போதும். பெரிய வீட்டின் கூரை தெரிந்தது. இப்போது எரியும் என்று எதிர்பார்த்தார். எரியவில்லை. அரிசியில் கல் தேடுகிற மாதிரி அந்த உணர்வுக்குள் பொறாமையைத் தேடினார். இல்லை. பெரிய வீட்டைப் பார்த்து அந்த மனசு பெருமைப்பட்டது.

இத்தனை வருஷமும் இவன் இப்படியா வாழ்ந்தான்? மூன்றடி பின்னால் நின்றுகொண்டு இதையா வைத்திருந்தான்?

அவருடைய சொந்த நெருப்பு அடியிலிருந்து கிளம்பியது. பட்டையைப் பிய்த்து மேசையில் எறிந்தார்.

“நாலு நிமிஷம்தான் ஆச்சு,” என்றாள் ஹெப்சிபா. “பதிவு பத்து நிமிஷம்.”

“போதும்.”

“ஊற்றை மாத்தணும்னா, ஊற்றா இருக்கிறவரே காரணத்தோட எழுதிக் கொடுக்கணும். அது மண்டபத்துப் பலகையில பதினைஞ்சு நாள் ஒட்டியிருக்கும். அதுதான் விதி. உடம்பு சரியில்லைன்னு எழுதுங்க ஐயா. நிறையப் பேர் அப்படித்தான் எழுதறாங்க.”

*

மருத்துவமனையில் பூவலிங்கம் காலைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். மாசிலாமணி உள்ளே வந்ததும் எழ முயன்றார்.

“படுடா. எழுந்திருக்க இதென்ன கொடையா?”

“வாங்கண்ணே. அந்தம்மா எல்லாம் சொன்னாங்க.” பூவலிங்கம் சிரித்தார், வலியில் முகம் சுளித்து மறுபடி சிரித்தார். “என்னைத் தள்ளறதுக்கு ஓசூர்லேருந்து ஒரு ஆள் வரணுமாண்ணே? நீங்களே ஒரு தள்ளு தள்ளியிருந்தா அந்த மனுஷனுக்கு பஸ் அலைச்சல் மிச்சம்.”

“உனக்கு முன்னாலேயே தெரியுமா?”

“மூணடி பின்னால நிக்கிறவனுக்கு முன்னால இருக்கிறவரு முகம் தெரியாது. கழுத்து தெரியும். நான் வந்து நின்னதும் அது விறைக்கிறதை நாப்பது வருஷமாப் பார்க்கிறேன்.”

“அப்புறம் ஏன்டா வந்து நின்னே?”

“நான் வரலேன்னா உங்களுக்குப் பின்னால யாருண்ணே நிப்பா?” என்றார் பூவலிங்கம், அது ஒரு கேள்வியே இல்லை என்பது போல. பிறகு, “காரணம்னு என்ன எழுதப்போறீங்க? உடம்புன்னு எழுதிருங்க. பேரும் உங்க பேராவே இருந்துட்டுப் போகட்டும். எனக்கு எதுக்கு பித்தளைப் பலகை? அதைத் துலக்கறதுக்கு ஆள் யாரு?”

பெயரை அவன் அவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுத்ததுதான் மாசிலாமணிக்குத் தாங்கவில்லை. கொடுக்கிற இடத்தில்கூட அவனே நிற்கிறான்.

வீட்டுக்கு வந்து மேசை முன்னால் உட்கார்ந்தார். தாத்தா, அப்பா, அவர் என்று மூன்று தலைமுறை அந்த மேசையில் ஊருக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. பெரிய வீட்டார் கடுமையானவர்கள், பிடிவாதக்காரர்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்கள் என்று ஒருத்தன் சொல்ல முடியாது. அந்தப் பெருமையைக் காப்பாற்ற வேண்டுமானால் மற்ற எல்லாப் பெருமையையும் விட்டாக வேண்டும் என்பது அவருக்கு அப்போது தெரிந்தது. இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்த தாத்தாவின் மேல்கூடக் கோபம் வந்தது.

நேராக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்:

‘என் தம்பி பூவலிங்கத்தின் மேல் எனக்கு நெடுநாளாகப் பொறாமை உண்டு. அது என் பதிவில் கலந்துவிட்டது. அதனால் ஊருக்கும் அவனுக்கும் தீங்கு நேர்ந்தது. என்னை நீக்கிவிட்டு அவனை ஊற்றாக அமர்த்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அவன் பெயரிலேயே பலகை வைக்க வேண்டும்.’

கோமதி தோளுக்கு மேலிருந்து படித்தாள். “காபி போடவா?” என்று மட்டும் கேட்டாள்.

பதினைந்து நாளும் அவர் மண்டபத்து வழியாகவே நடந்தார். பலகை முன்னால் கூட்டம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

*

ஒரு வருஷத்தில் கரைமேட்டில் மூவாயிரத்து நூற்று நாற்பது பேர். முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் சம்மதித்துப் புதிய பதிவை மேலே ஏற்றிக்கொண்டார்கள். முனிரத்தினம்தான் முதல் ஆள். பதினொரு குடும்பத்தார் மட்டும் மாட்டோம் என்றுவிட்டார்கள். பூவலிங்கம் கைத்தடியோடு போகும்போது அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் என்ன எரிகிறது என்று மாசிலாமணிக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அவர்களை யாரும் குறை சொல்ல அவர் விட்டதில்லை.

புதிதாக வந்தவர்களின் நடத்தை அவருக்குப் பிடிபடவில்லை. மருந்துக்கடையில் ஒருவன், “அண்ணே, நீங்க முதல்ல வாங்குங்க,” என்றான். பேருந்தில் இன்னொருவன், “அண்ணே, பார்த்து ஏறுங்க.” ஊரில் எல்லாருக்கும் அவர் ‘ஐயா’. அண்ணன் என்று கூப்பிடுகிறவன் ஒருத்தன்தான். துடுக்குத்தனம் என்று முறைத்தார். அவர்கள் முறைப்பைக் கண்டும் சிரித்தார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து வந்து தையற்கடை வைத்திருந்த ஒரு பெண், அவரை வழியில் காணும்போதெல்லாம் முகம் மலர்ந்தாள். அவருக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஹெப்சிபாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“பதிவுல என்ன கலந்து வச்சிருக்கே? வர்றவன் போறவனெல்லாம் என்னை அண்ணன்கிறான்.”

“நீங்க நாலு நிமிஷத்துல கழட்டிட்டீங்க ஐயா. தெருவெல்லாம் சுத்தி முடிச்சு, மீதி ஆறு நிமிஷம் அவர் மனசு ஒரே இடத்துல நின்னுச்சு.”

“எங்கே?”

“உங்க மேல.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தார். நல்ல வெயில். எங்கே போகிறோம் என்று தெரியாமல் தையற்கடை வரை நடந்துவிட்டார். அந்தப் பெண் அவரைப் பார்த்ததும் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த நாற்காலியை எடுத்து வாசல் நிழலில் போட்டாள்.

“அண்ணே, ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உட்காருங்க.”

அவள் முகத்தில் இருந்த பாசம் பூவலிங்கத்தினுடையது. பத்து நிமிஷம் தலையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, வழிப்போக்காக வந்த இவள் அதை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அது நாற்பது வருஷம் அவருக்கு மூன்றடி பின்னாலேயே இருந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். எவ்வளவு சாதாரணமாக வைத்திருக்கிறாள் அதை! அவருக்கு வயிறு எரிந்தது, வாழ்நாளில் எப்போதும் எரியாத அளவுக்கு எரிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தார்.